இரைப்பைப் புண் துளைபடுதல்

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று யான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் செவிக்கு இனியதன்று. கல்வி நிதியையும் மாணவர் விடுதியையும் பற்றி அன்பர்கள் அழகுறப் பேசிய பின்னர், வயிற்று நோயைப் பற்றிப் பேச ஒருவன் எழுந்து நிற்பது பொருத்தமாமோ என்று சிலர் ஐயுறலாம். ஆயினும், முப்பது ஆண்டுகட்கு மேலாக அரசினர் மருத்துவமனைகளில் அறுவை வைத்தியனாய் இருந்து ஓய்வு பெற்ற எனக்கு, நம்மவர்க்குச் சொல்லத்தக்கது இதனினும் வேறொன்றில்லை என்றே தோன்றுகின்றது.

நம்மிற் பெரும்பாலோர் கடையையும் மண்டியையும் நம்பி வாழ்பவர்கள். காலையிற் கடை திறந்தால் வாடிக்கைக்காரர் உள்ளவரை ஆசனத்தை விட்டு எழுவதில்லை. பகலுணவு மூன்று மணிக்கோ நான்கு மணிக்கோ. இடையிடையே தேநீரும் சிகரெட்டும். தலை வலித்தாலும் முழங்கால் வலித்தாலும் எதிர்வரிசை மருந்துக் கடையில் ஒரு மாத்திரை. வயிறு எரிந்தால் ஒரு சோடா. இவ்வாறு வாழும் ஒருவர்க்கு ஒரு நாள் என்ன நேரக்கூடும், நேர்ந்தால் அவர் வீட்டார் யாது செய்தல் வேண்டும், யாது செய்தலாகாது என்பதே என் பேச்சின் பொருள்.

முதற்கண் என் குடும்பத்தில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லிவிடுகின்றேன். 1979-ஆம் ஆண்டு தீபாவளிக்கு இரண்டு நாள் இருந்தது. யான் மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்து சில வாரங்களே ஆகியிருந்தன. விடுமுறைக்கு ஊர் வந்திருந்தேன். என் சிறிய தந்தையார் ஜவுளிக் கடை வைத்திருந்தார், வயது 42. பசி நேரத்திலும் நள்ளிரவிலும் மேல்வயிறு எரிவதும், ஏதேனும் உண்டால் அது தணிவதும் அவர்க்கு மூன்று நான்கு ஆண்டுகளாக உண்டு. ஆப்பச் சோடாவை நீரிற் கரைத்துக் குடித்து அதனை அடக்கி வந்தார். அவ்வாரம் முழுதும் நின்றபடியே வியாபாரம் செய்ததால் இடுப்பு நோக, நாள்தோறும் வலி மாத்திரையும் உட்கொண்டார். அன்றிரவு ஒன்பது மணிக்குத் துணியை அளந்து கிழித்துக்கொண்டிருந்தவர், மேல்வயிற்றைக் கத்தியாற் குத்தியதுபோல் ‘அம்மா!’ என்று அலறிக் கல்லாப்பெட்டியின்மேல் சாய்ந்தார்.

வீட்டிற்குத் தூக்கி வந்தோம். ஓமத் தண்ணீர் கொடுத்தார்கள். தொப்புளில் விளக்கெண்ணெய் தடவினார்கள். வெந்நீர் ஒத்தடம் இட்டார்கள். தெருவில் ஊசி போடுவார் ஒருவர் வந்து ஓர் ஊசி போட்டுப் போனார். பின்னிரவு இரண்டு மணியளவில் வலி வெகுவாகத் தணிந்தது. சிறிய தந்தையார் முகம் தெளிந்து, “வாயுதான், விட்டுவிட்டது. காலையிற் கடையை நேரத்தோடு திறக்கச் சொல்லுங்கள்” என்றார். நாங்கள் அனைவரும் மகிழ்ந்தோம். அவர் அருகில் அமர்ந்திருந்த யானும் மகிழ்ந்தேன். மறுநாள் தீபாவளிக் கடைசி வியாபாரம்; கடை திறக்கப்பட்டது; அவர் வீட்டிற் படுத்திருந்தார். மாலையில் வயிறு உப்பிற்று, விக்கலும் வாந்தியும் கண்டன, கைகால் சில்லிட்டன. மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்தபோது வலி தோன்றி 26 மணி நேரம் ஆகியிருந்தது. உடனே அறுவை செய்தார்கள். இரைப்பையை அடுத்த குடலில் இருந்த துளை ஒரு துவரம்பருப்பின் அளவே. மூன்றாம் நாள் அவர் காலமானார். “நேற்றிரவே வந்திருந்தால் பத்து நாளில் நடந்தே வீடு போயிருப்பார்” என்று அவ்வைத்தியர் எங்கள் பாட்டனாரிடம் சொன்ன சொல் இன்றளவும் என் காதில் ஒலிக்கின்றது. வலி தணிந்த அந்தப் பின்னிரவு யாது என்பதனை யான் பின்னரே கற்றேன். அதனையே இன்று உங்கட்குச் சொல்ல வந்தேன்.

நோயின் காரணம்

நம் இரைப்பை உணவைச் செரிக்கச் செய்வதற்காகக் கடுமையான அமிலத்தைச் சுரக்கின்றது. முன்னோர் சடராக்கினி என்று சொன்னதன் வேலையை இவ்வமிலமும் அதனோடு சேர்ந்த செரிப்பு நீர்களும் செய்கின்றன. இறைச்சியையும் செரிக்க வல்ல அந்நீர் இரைப்பையையே செரித்துவிடாதிருப்பது எங்ஙனம்? இரைப்பையின் உட்சுவரை வழுவழுப்பான சீதப் படலம் ஒன்று இடைவிடாது மூடிக் காக்கின்றது. அக்காப்புக் குறைந்த இடத்தில் அமிலம் சுவரை அரிக்கின்றது, புண் உண்டாகின்றது. இப்புண் இரைப்பையிலும் தோன்றலாம். இரைப்பையை விட்டவுடன் தொடங்கும் சிறுகுடலின் முதற்பகுதியிலும் தோன்றலாம். இரண்டினையும் மக்கள் ‘குடற்புண்’ என்றும் ‘அல்சர்’ என்றும் ஒரே பெயரால் வழங்குகின்றனர். சித்த வைத்தியர் எண்வகையாகப் பிரித்துரைத்த குன்மத்தின் குறிகள் பலவும் இந்நோயினிடத்துக் காணப்படுவனவே. அரிப்பு மேன்மேலும் ஆழ்ந்து சுவரின் மறுபுறம் வரை சென்றுவிடின் அதுவே துளைபடுதல். சிறுகுடலின் பின்சுவர்ப் புண் பெரும்பாலும் இரத்தக் குழாயை அரித்து இரத்தம் பெருகச் செய்யும். முன்சுவர்ப் புண்ணே பெரும்பாலும் துளைபடும்.

சீதக் காப்புக் குறைவதற்குக் காரணம் யாது? நெடுங்காலம் காரத்தையும் புளியையும் கவலையையுமே குற்றஞ்சாட்டி வந்தோம். தென்னாட்டில் இந்நோய் மிகுதி என்பது பழைய செய்தி. 1922-இலும் 1924-இலும் எவரெஸ்டுச் சிகரம் ஏற முயன்ற ஆங்கிலக் குழுக்களில் இருந்த சாமர்வெல் என்னும் வைத்தியர், பின்னர்த் தென் திருவிதாங்கூரின் நெய்யூரிற் பல்லாண்டு அறுவைத் தொண்டு புரிந்தார். இன்று கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்த அவ்வூரில் அவர் கையாண்ட நோய்களுள் தலையாயது இக்குடற்புண்ணே. அக்காலத்தார்க்கு அதன் மூலகாரணம் விளங்கவில்லை.

அது விளங்கியது 1982-இல். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்து வைத்தியர்களாகிய ராபின் வாரன், பாரி மார்ஷல் என்னும் இருவர், அமிலம் மிகுந்த இரைப்பையினுள்ளும் வாழவல்ல ஒரு கிருமியைப் பிரித்தெடுத்து வளர்த்துக் காட்டினர். ஹெலிகோபாக்டர் பைலோரி என்பது இப்போது அதன் பெயர். உலகம் நம்பவில்லை. 1984-இல் மார்ஷல் அக்கிருமி வளர்ந்த நீரைத் தாமே குடித்துச் சில நாட்களில் இரைப்பை அழற்சிக்கு ஆளானார். 2005-இல் இருவர்க்கும் நோபல் பரிசு கிடைத்தது. இக்கிருமி பெரும்பாலும் இளமையிலேயே உட்புகுகின்றது. அதனை உடையவரெல்லாம் புண் அடைவதில்லை. ஆயினும் குடற்புண் உடையவரிற் பலர்க்கு அதுவே காரணம்.

இரண்டாவது காரணம் வலி மாத்திரைகள். ஆஸ்பிரின், இபுப்ரோபென், டைக்ளோபினாக் முதலியவை, வலியை உண்டாக்கும் பொருளைத் தடுக்கும்போதே, சீதப் படலத்தைப் புதுப்பிக்கும் பொருளையும் தடுத்துவிடுகின்றன. “மாத்திரைதானே வயிற்றைக் கெடுக்கும், ஊசியாகப் போட்டுக்கொள்கின்றேன்” என்பார் உளர். அது பிழை. இம்மருந்துகள் இரத்தத்தின் வழியாகவே இத்தீங்கைச் செய்வதால் ஊசியும் காப்பாகாது. பாரசிட்டமால் இவ்வகையைச் சேர்ந்ததன்று. ஆனால் அளவு மீறின் அதுவும் ஈரலைக் கெடுக்கும்.

மூன்றாவது புகை. சிகரெட்டும் பீடியும் புண் ஆறுவதைத் தடுத்துத் துளைபடுதலை விரைவிக்கின்றன. மதுவும் இரைப்பையைப் புண்படுத்தும். பெருங்கவலையும் துணைக்காரணம் ஆகும் என்பதற்கு ஒரு சான்று உண்டு: 1940-இல் லண்டன் நகரத்தின்மீது கடுமையாகக் குண்டு வீசப்பட்ட மாதங்களில், துளைபட்ட புண்ணோடு மருத்துவமனைக்கு வந்தோர் தொகை உயர்ந்ததை வைத்தியர்கள் 1942-இல் எழுதியிருக்கின்றனர். காரமோ, புண் உள்ளவர்க்கு எரிச்சல் தரலாமேயன்றிப் புண்ணுக்கு மூலமாவதில்லை. ஆகவே மிளகாயை நீக்கிவிட்டு மாத்திரையையும் புகையையும் விடாதிருப்பவர் கள்வனை வீட்டில் வைத்துக் கதவைச் சாத்துகின்றவரே யாவர்.

நோயின் குறிகள்

வயிற்று வலிகள் பலவற்றுள் இதனைப் பிரித்தறிவது கடினமன்று. ஏனைய வலிகள் சிறிது சிறிதாக மிகும்; இது ஒரு கணத்தில் முழு வன்மையோடு தோன்றும். நோயாளி பல ஆண்டுகள் கழிந்தும், “கடிகாரம் ஒன்பது அடித்தது, அப்போது வந்தது” என்று சொல்ல வல்லவராவார். மேல்வயிற்றிற் தொடங்கி வயிறெங்கும் பரவும். சிலர்க்குத் தோள் முனையிலும் வலிக்கும். கல்லடைப்பு வலியுடையவர் புரண்டு துடிப்பார். இவரோ அசைந்தால் வலி மிகுமென்று அஞ்சிக் காலை மடக்கிக்கொண்டு அசையாது கிடப்பார். மூச்சையும் மேலோட்டமாகவே விடுவார். வயிற்றைத் தொட்டால் பலகைபோல் விறைத்திருக்கும். இவ்விறைப்பே தலைமைக் குறி.

இத்திடீர்த் தன்மையே பண்டு பல வீண்பழிகட்கும் இடமாயிற்று. இங்கிலாந்து அரசர் இரண்டாம் சார்ல்ஸின் தங்கையும், பிரான்சு அரசர் 14-ஆம் லூயியின் தம்பி மனைவியுமான ஹென்றியெட்டா, 1670 ஜூன் 29-ஆம் நாள் மாலை ஒரு கோப்பைச் சிக்கரி நீர் பருகியவுடன் வலியால் துடித்து வீழ்ந்தார். நஞ்சிட்டார்கள் என்று அவரே கூவினார். வைத்தியரோ வெறும் சூலை என்று தேற்றினர். மறுநாள் விடியுமுன் இறந்தார், வயது 26. துளைபட்ட புண்ணே காரணமாகலாம் என்பது பிற்கால வைத்தியர் பலர் கருத்து. நம்மூர்களிலும் விருந்துண்டு வந்த இரவில் இவ்வலி தோன்றினால் மருந்திட்டார்கள் என்று உறவினரைப் பழிக்கின்ற பேதைமை இன்னும் அற்றுவிடவில்லை.

வலி இடம் மாறியும் தோன்றலாம். ஒழுகிய நீர் வயிற்றின் வலப்புறமாகக் கீழே இறங்கின் குடல்வால் அழற்சியோ என மயங்கச் செய்யும். ஊமைப் பட நாளில் உலகப் புகழ் பெற்ற நடிகர் ருடால்ப் வாலண்டினோவுக்கு 1926-இல் நியூயார்க்கில் நிகழ்ந்தது இதுவே. அறுவை செய்தும் சில நாட்களில் வயிற்றறை முழுதும் அழற்சி பரவி 31-ஆம் வயதில் அவர் இறந்தார். அம்மயக்கக் குறிக்கு வைத்திய நூல்கள் அவர் பெயரையே இட்டு வழங்குகின்றன.

அன்பர்களே! இனி யான் சொல்வதை மட்டுமேனும் நினைவிற் பதித்துக்கொள்ளுங்கள். இந்நோய்க்கு மூன்று நிலைகள் உண்டு. துளை விழுந்தவுடன் அமிலமும் செரிப்பு நீரும் வயிற்றறைக்குள் ஒழுகி, அதனைப் போர்த்திருக்கும் மெல்லிய சவ்வைச் சுடுகின்றன. பொறுக்கலாற்றாத வலி இதனால் வருவது. இது முதல் நிலை. சில மணி நேரத்தில் அச்சவ்வு தன்னைக் காத்துக்கொள்ளத் தானே நீர் சுரக்கின்றது; அமிலம் நீர்த்துப்போகின்றது; வலி தணிகின்றது; நோயாளி தெளிந்து பேசுகின்றார். இது இரண்டாம் நிலை. நோய் நீங்கியதன்று இது. துளை அவ்வாறே திறந்திருக்கின்றது. கிருமிகள் பெருகத் தொடங்கிவிட்டன. ஏறக்குறைய 12 மணி நேரம் கழியுமுன்னரோ பின்னரோ மூன்றாம் நிலை வருகின்றது: வயிறு உப்புதல், வாந்தி, சுரம், நாடி விரைதல், சிறுநீர் குறைதல், கைகால் குளிர்தல், அறிவு மயங்கல். இந்நிலையில் வைத்தியன் கை தளர்கின்றது. என் சிறிய தந்தையார் கடை திறக்கச் சொன்ன அந்தப் பின்னிரவு இரண்டாம் நிலை. வலி தணிந்தது என்று எங்கள் வீட்டில் மகிழ்ந்த நேரமே அவரைக் காத்திருக்கக் கூடிய நேரம்.

முதியோரிடத்து மற்றோர் ஏமாற்று உண்டு. முதுமையாலும், ஸ்டீராய்டு மருந்துகளாலும் விறைப்பும் வலியும் மங்கிவிடும். முழங்கால் வலிக்கு நெடுநாள் மாத்திரை உண்ணும் பாட்டியார் ஒருவர், “வயிறு என்னமோ செய்கிறது” என்று மட்டும் சொல்லி உண்ணாது படுத்துவிட்டால் அதனைச் சிறிதாக எண்ணாதீர்கள். எல்லார்க்கும் பரிமாறிய பின் எஞ்சியதை உண்டு, தம் நோவை வெளியிடாது அடக்கும் நம் தாய்மார்கள் விஷயத்தில் இது பெரிதும் கருதத்தக்கது.

வீட்டார் செய்யத்தக்கவை

திடீரென மேல்வயிற்றிற் கடும் வலி தோன்றி வயிறு விறைப்புற்றால், வாய்வழி ஒன்றும் கொடுக்கலாகாது. சோடா, பால், கஷாயம் மட்டுமன்றித் தண்ணீரும் கூடாது. உட்செல்வதெல்லாம் துளை வழியாக வெளியே ஒழுகும். பேதி மருந்து கொடுப்பதும், எனிமா வைப்பதும் கேடு. குடலேற்றம் என்று சொல்லி எண்ணெய் தடவி வயிற்றை நீவிவிடுதல் நம்மூர்களிற் பெருவழக்கு, அது பெருங்கேடு. கடையில் வலி மாத்திரை வாங்கிக் கொடுப்பது எரியும் வீட்டிற்கு எண்ணெய் வார்ப்பதாகும். தமிழ்நாட்டில் 2008-ஆம் ஆண்டு முதல் 108 என்னும் எண்ணுக்கு அழைத்தால் ஆம்புலன்ஸ் வீட்டு வாயிலுக்கு வருகின்றது. வலி தோன்றிய மணியையும், நோயாளி உண்ணும் மருந்துகளையும் ஒரு தாளிற் குறித்துக்கொண்டு, அறுவை வசதியுள்ள மருத்துவமனைக்கே நேரே செல்க. வழியில் வலி தணிந்தாலும் திரும்பி வரற்க.

சிகிச்சை

மருத்துவமனையில் நோயாளியை நிமிர்த்தி வைத்து எக்ஸ்ரே எடுப்பர். துளை வழியே வெளிப்பட்ட காற்று உதரவிதானத்தின் கீழ்ப் பிறைபோல் தோன்றும். பெரும்பாலோர்க்கு இது தெரியும், தெரியாதவர்க்கு ஸி.டி. ஸ்கேன் காட்டிக் கொடுக்கும். மூக்கின் வழியாகக் குழாய் செலுத்தி இரைப்பையைக் காலி செய்வர். நரம்பு வழியாக நீரும், கிருமிகளை ஒடுக்கும் மருந்தும், அமிலத்தை அடக்கும் மருந்தும் ஏற்றுவர். பின் அறுவை.

இவ்வறுவையின் வரலாறு நெடியதன்று. முன்னாளில் துளைபட்டவர் பிழைப்பது அரிது. 1892-இல் ஜெர்மனியில் ஹாய்ஸ்னர் என்னும் வைத்தியர் இரைப்பைத் துளையைத் தைத்து மூடி நோயாளியைப் பிழைப்பித்தார். குடல்களின் முன்னே வபை என்னும் கொழுப்புத் திரை ஒன்று தொங்குகின்றது. அதன் ஒரு பகுதியைத் துளையின்மேல் வைத்துக் கட்டும் முறையை 1929-இல் செல்லன்-ஜோன்ஸும், 1937-இல் கனடாவின் ராஸ்கோ கிரஹாமும் எழுதினர். இயற்கை தானே அளித்த ஒட்டுத்துணி என்று அதனைச் சொல்லலாம். இன்றும் அதுவே பெருவழக்கு. துளையை அடைத்தபின் வயிற்றறையைப் பல லிட்டர் உப்புநீரால் கழுவுவர். இப்போது சிறு துளைகளின் வழியே கருவிகளைச் செலுத்தி வயிற்றைப் பெரிதாகத் திறவாமலே செய்வதும் உண்டு. மிகச் சிலர்க்குத் துளை தானே ஒட்டிக்கொள்வதால் அறுவையின்றிக் குணப்படுத்தலும் கூடும், ஆனால் அதனை முடிவு செய்ய வேண்டியவர் மணிக்கு மணி அருகிருந்து நோக்கும் அறுவை வைத்தியர், வீட்டார் அல்லர். இரைப்பையிலேயே உள்ள புண்ணாயின் அது புற்றாகவும் இருக்கக்கூடும் என்பதால் சிறு துணுக்கு எடுத்துச் சோதிப்பர்.

காலத்தின் அருமைக்கு ஒரு கணக்குச் சொல்கின்றேன். டென்மார்க்கு நாட்டில் 2003 முதல் 2009 வரை இவ்வறுவை செய்துகொண்ட 2,668 பேரை ஆராய்ந்தபோது, மருத்துவமனை சேர்ந்தபின் அறுவைக்கு ஆகும் ஒவ்வொரு மணி நேரத் தாமதமும் பிழைக்கும் வாய்ப்பை 2.4 விழுக்காடு குறைப்பது தெரியவந்தது. மருத்துவமனைக்குள் நேரும் ஒரு மணித் தாமதமே இவ்வாறாயின், ஓமத் தண்ணீரோடு வீட்டிற் கழியும் இரவு எத்தகையது என்று எண்ணிப் பாருங்கள்.

துளையை அடைத்ததோடு நோய் தீர்ந்ததாகாது. கிருமி உளதாவெனச் சோதித்து, இருப்பின் இரண்டு வாரம் மருந்து முறையாக உண்டு அதனை ஒழித்தல் வேண்டும். ஹாங்காங் வைத்தியர்கள் 2000-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், துளையை மூடியபின் அமிலத்தை அடக்கும் மருந்து மட்டும் உண்டவர்களில் ஓராண்டில் 100-க்கு 38 பேர்க்குப் புண் மீண்டது. கிருமியையும் ஒழித்துக்கொண்டவர்களில் 100-க்கு 5 பேர்க்கே மீண்டது. “நான்கு நாளிற் குணமாகிவிட்டது” என்று மருந்தை இடையில் நிறுத்துவோர் இக்கணக்கை நினைவிற் கொள்க.

முடிவுரை

வராது காத்தலோ, நம் கையில் உள்ளது. நெடுநாள் வயிற்றெரிச்சலைச் சோடாவால் மறைக்காமல் ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள். மருந்துச் சீட்டின்றி வலி மாத்திரை வாங்காதீர்கள். இதயத்திற்காக வைத்தியர் கொடுத்த ஆஸ்பிரினை இப்பேச்சைக் கேட்டுத் தாமே நிறுத்திவிடவும் வேண்டா. வயிற்றுக் காப்பு மருந்து தேவையா என்று அவரையே கேளுங்கள். புகையை விடுங்கள். கல்லாவில் இருப்பவர் உண்ணும் நேரத்தில் மைந்தரோ தம்பியரோ மாறி அமருங்கள். அரை மணி நேரத்தில் வியாபாரம் போய்விடாது.

நமது சங்கத்தாரிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. ஆண்டுதோறும் நாம் அச்சிட்டு வழங்கும் நாட்காட்டி நம்மவர் கடைதோறும் கல்லாப்பெட்டியின் மேலே தொங்குகின்றது. அதன் அடியில் மூன்று வரி சேர்த்து அச்சிடுங்கள்: ‘திடீர் வயிற்று வலியில் வாய்வழி ஒன்றும் கொடாதீர். வலி தணிந்தாலும் நில்லாதீர். உடனே மருத்துவமனை செல்வீர்.’ 1979-இல் எங்கள் கடைச் சுவரில் அம்மூன்று வரி இருந்திருந்தால், என் சிறிய தந்தையார் இன்று இக்கூட்டத்தின் முன்வரிசையில் முதியவராய் அமர்ந்திருப்பார் என்றே நம்புகின்றேன்.